நாலு ஜோடி சாக்ஸ்

அம்மாவுக்கு, காலேஜ விட்டு ஓடுன உன் புள்ள எழுதுறேன். முட்டிவலி எப்படி இருக்கு? அப்பா மாத்திரை போடுறாரா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

நேத்து ஒரு கூத்து. மீன் பெட்டி அடுக்குற குளிர் ரூம்ல, கதவுல பனி இறுகி நாலு பேர் மாட்டிக்கிட்டோம். பயப்படாத, கால்மணி நேரம்தான். இங்க அவனவன் அடுக்குற பெட்டிக்கு அவனவன் கணக்கு, காதுல பாட்டு. பக்கத்துல நிக்கிறவன் பேரே தெரியாது, பாஷையும் வேற. அதே பழக்கத்துல கதவையும் ஆளாளுக்குத் தனியா இடிச்சோம். அசையல. கால் மரத்துப்போச்சு. எரிச்சல்ல, "ஒண்ணா தள்ளுங்கய்யா, ஐலசா!"ன்னு கத்தினேன். அர்த்தம் தெரியாமலே மூணு பேரும் "ஐலசா!"ன்னாங்க. நாலாவது ஐலசாவுல கதவு தொறந்துச்சு. அதுல ஒரு தாடிக்காரர் என்னைக் கட்டிப்பிடிச்சுச் சிரிச்சார். "உங்க பேரு?"ன்னு கேக்குறதுக்குள்ள காதுல பாட்ட மாட்டிட்டார். மத்தவங்களும்தான்.

இப்ப வெளியில தனியா நிக்கிறப்பதான் மூச்சு முட்டுது. காலேஜ விட்டு ஓடுன மாதிரி ஓடவும் முடியாது, ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு.

கம்பளி சாக்ஸ் அனுப்பும்மா. நாலு ஜோடி. ஒண்ணு பெருசா இருக்கட்டும், தாடிக்காரர் கால் படகு மாதிரி. மணி அடிச்சுட்டாங்க, ஓடுறேன்.