திறக்காத டப்பா இரண்டு

சேரன்மகாதேவி
12.5.2025

அன்பு மகள் எப்சிக்கு அம்மா சாலோமி எழுதுவது. கர்த்தர் என்னை இதுவரை படுக்கையில் போடாமல் நடமாட வைத்திருக்கிறார். உன்னையும் அப்படியே வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "டியூட்டில இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

வருகிற ஆனியில் அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் ஜெபம் வைக்கிறேன். நீ வர வேண்டும். அடக்கத்துக்கு வந்தவள் மறுநாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐதராபாத்துக்கு ரயில் ஏறிவிட்டாய். நான் உனக்குக் கட்டி வைத்த இட்லி அப்படியே இருந்தது.

இன்னொரு விஷயம். நேற்று பரணைத் தூசி தட்டினேன். போலீஸ்காரர்கள் படித்துறையிலிருந்து எடுத்துக் கொடுத்த அப்பாவின் பை கிடைத்தது. சோப்பு டப்பா, சீப்பு, அப்புறம் இரண்டு பால் மாவு டப்பா. மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப். ஊசியால் குத்திய துளை மேலேயும் கறுப்பு டேப். நீ காலேஜில் படித்தபோது அப்பாவுக்கு ஒட்டிவிட்ட பைத்தியம்தான். டப்பாவை வைத்துவிட்டு அது படம் பிடிக்கும் என்று அப்பாவும் மகளும் நிமிஷக்கணக்காக ஆடாமல் கொக்கு மாதிரி நிற்பீர்கள். "தொறந்துராத சாலோமி, வெளிச்சம் பட்டா உள்ள இருக்க பேப்பர் செத்துப்போகும்" என்பார். அதனால் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஹமீது பீவி, "கடையில குடுத்துக் கழுவிப் பாரு" என்றாள். பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் நீட்டினேன். அவர் டப்பாவைக் காதுகிட்ட வைத்து ஆட்டிவிட்டு, "என்னம்மா, முறுக்கா?" என்று கேட்டார்.

உனக்குத்தான் இது தெரியும். காப்பித்தூளை வைத்து ஏதோ செய்வீர்களே. அதை எழுது. இல்லையென்றால் வந்து நீயே செய்.

உன் அம்மா,
சாலோமி


ஐதராபாத்
20.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை.

டப்பாவைத் திறக்க வேண்டாம் அம்மா. அப்படியே பரணில் போட்டுவிடுங்கள்.

ஊரில் பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? கோவிலில் இரண்டு ஞாயிறு என் கல்யாண ஓலையைச் சபைக்கு அறிவிப்பாக வாசித்தார்கள். மூன்றாவது ஓலைக்கு முன்னால் எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்தவள் நான். சபை முன்னால் அப்பா தலைகுனிந்து நின்றார். அடுத்த வாரமே ஆற்றில் கிடந்தார்.

அடக்கத்தன்று நம் வீட்டுக் கொல்லையில் இரண்டு பேர் பேசியதைக் கேட்டேன். "குளிக்கப் போற ஆளு சட்டையோடயா எறங்குவாரு? வேட்டியால கையைக் கட்டிக்கிட்டுல்லா விழுந்திருக்காரு. மக குடுத்த சீரு." அதனால்தான் மறுநாளே கிளம்பினேன்.

நான் இங்கே வந்த பிறகு அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டப்பாவில் அவர் முகம் இருந்தால், அந்த முகத்தை நான் பார்க்க மாட்டேன். ஜெபத்துக்கும் வரமாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

எப்சி


சேரன்மகாதேவி
28.5.2025

அன்பு மகள் எப்சிக்கு,

நீ கேட்டதை நானும் கேட்டேன். கொல்லையில் பேசினவர்கள் அப்புறம் நடுவீட்டிலும் பேசினார்கள். ஆறுதல் சொல்ல வந்து உட்கார்ந்து, "உங்ககிட்ட முன்கூட்டி எதுவும் சொல்லலியா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நீ தூரத்தில் இருந்து பயப்படுகிறாய். நான் அவர் படுத்த பாயில் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். எது என்றாலும் தெரிந்துவிட்டால் அழுது முடிக்கலாம்.

செய்முறையை எழுதி அனுப்பு. நம் வேதத்தில் ஆணையிடக் கூடாது என்றிருக்கிறது, அதனால் உன் மேல் ஆணை வைக்கவில்லை. ஆனால் நீ எழுதாவிட்டால் இரண்டையும் முற்றத்தில் வைத்துத் திறந்துவிடுவேன். பேப்பர் செத்தால் சாகட்டும்.

அம்மா


ஐதராபாத்
4.6.2025

அம்மா,

நீங்கள் செய்தாலும் செய்வீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அரங்குவீட்டில் ஜன்னல் கிடையாது, எல்லாவற்றையும் அந்த உள்ளறையிலேயே வைத்துச் செய்யுங்கள். கதவிடுக்கில் போர்வையைத் திணியுங்கள். கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்குள் போடுகிற சிவப்பு பல்பு மட்டும் எரியலாம். அந்த வெளிச்சம் இந்தப் பேப்பரை ஒன்றும் செய்யாது.

சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரையுங்கள். கொதிக்காமல் கரைகிற காப்பித்தூள் நாலைந்து கரண்டி போடுங்கள். வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துச் சேருங்கள். நாற்றம் தாங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். பேப்பரை அதில் போட்டுத் தட்டைப் பைய ஆட்டிக்கொண்டே இருந்தால் உருவம் கறுத்து வரும். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, அடியில் உப்பு கரையாமல் நிற்கிற அளவுக்குக் கல்லுப்பு போட்ட தண்ணீரில் ஒரு நாள் மூடி வையுங்கள். பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும்.

வெள்ளையாக இருந்தது கறுப்பாகவும், கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். பயப்பட வேண்டாம். போனில் அதைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் திறங்கள். எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

எப்சி


சேரன்மகாதேவி
13.6.2025

அன்பு மகள் எப்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. முழுவதும் படி.

முதல் டப்பா போச்சு. தப்பு என்னுடையதுதான். காப்பி என்றதும் கை தானாகக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுவிட்டது. கருப்பட்டி இல்லாமல் நம் வீட்டில் என்றைக்குக் காப்பி போட்டோம்? பேப்பர் முழுக்கக் குளத்துச் சேறு மாதிரி ஆகிவிட்டது. ஹமீது பீவி தட்டை எட்டிப் பார்த்து, "ஏளா, படத்துக்குமா இனிப்பு கேக்கும்?" என்றாள். எனக்கு அழுகை. அதில் என்ன இருந்ததோ, இனி யாருக்கும் தெரியாது.

மறுநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு இரண்டாவதைத் திறந்தேன். இந்தத் தடவை நீ சொன்னபடி. ஹமீது பீவி மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டை ஆட்டினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கோடு. படிக்கட்டு. படிக்கட்டில் ஒரு ஆள்.

உன் அப்பாதான். உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்த பிறகு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். டை அடித்த தலை வெள்ளை வெளேரென்று இருந்தது. "அண்ணாச்சி வாராவாரம் மை தேச்சதெல்லாம் வீணாப்போச்சே" என்றாள் ஹமீது பீவி. அப்பா போன சேதி வந்த நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். பிறகு அவள் போனில் திருப்பிக் காட்டினாள்.

எப்சி, கேள். அப்பா குளித்து முடித்திருக்கிறார். சட்டை போட்டிருக்கிறார். உலர்ந்த வேட்டி கட்டியிருக்கிறார். தலை சீவி, அந்தக் கோணல் வகிடும் எடுத்திருக்கிறார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு டப்பாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். முகம் தெளிவில்லை. ஆனால் படம் பிடிக்க உட்கார்ந்த முகம்தான் அது.

அவருக்குப் பின்னால் ஆறு. ஆற்றுக்குள்ளே அந்தத் தட்டைப் பாறை. பாறை மேல் துவைத்த வேட்டியை விரித்துப் போட்டிருக்கிறார். படி தெளிவாக இருக்கிறது, பாறை தெளிவாக இருக்கிறது. வேட்டியின் ஒரு ஓரம் மட்டும் புகை மாதிரி கலைந்திருக்கிறது. இதென்ன என்று எனக்குப் புரியவில்லை. ஹமீது பீவிதான் சொன்னாள். "காத்துளா. ஆனிக் காத்து. அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, அதான் நிக்கல."

அவள் போனை வாங்கி நானே இன்னொரு தடவை பார்த்தேன். படம் எடுத்து, துளையில் டேப்பை ஒட்டி, டப்பாவைப் பத்திரமாகப் பைக்குள் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வேட்டியைக் காற்று தூக்கியிருக்கிறது. பிடிக்க ஓடியிருக்கிறார். சட்டையைக் கழற்ற நேரம் ஏது? பிடித்தும் இருக்கிறார், அதுதான் கையில் சுற்றியிருந்தது. அந்தப் பாறைக்குப் பின்னால்தான் மணல் அள்ளின பள்ளம்.

அவர் கையைக் கட்டிக்கொள்ளவில்லை மகளே. அவர் வேட்டியைப் பிடிக்கப் போனார்.

படத்தை அட்டைக்குள் வைத்து இதோடு அனுப்புகிறேன். பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம்.

அம்மா


ஐதராபாத்
21.6.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு நாள் அட்டையைப் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். போனில் திருப்பிப் பார்த்தேன்.

பாறையில் துணி விரித்தால் நாலு முனையிலும் கல் வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கல்கூட வைக்கவில்லை அம்மா. எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். ஒரு பழைய வேட்டிக்காகவா என்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நர்ஸ் தட்டோடு எழுந்து போய்விட்டாள். இந்த ஒரு வருஷமாக அவரைத் திட்ட எனக்கு உரிமை இல்லை என்று இருந்தேன். திட்டி முடித்ததும் பசித்தது.

அவர் என்னை மன்னித்தாரா என்று படத்தில் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கோபம் இருந்திருந்தாலும், கொஞ்ச நாளில் பேசியிருப்பார். அதற்குத் தனக்கு நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது போதும்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜெபத்துக்கு முந்தின நாள் வருகிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களும் அப்படி நினைத்தீர்களா?

எப்சி


சேரன்மகாதேவி
27.6.2025

அன்பு மகள் எப்சிக்கு,

நினைத்தேன். உன்னால் என்று அல்ல, என்னால் என்று. ஓலை நின்ற அன்றைக்கு நான் அவரோடு சண்டை போட்டேன், "நீரு குடுத்த செல்லம்" என்று. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்திருக்கிறது. காற்றுக்கு எந்தக் காரணமும் இல்லை.

அவர் போன பிறகு நான் ஆற்றுப்பக்கமே போகவில்லை. குழாயடியில்தான் குளித்தேன். தண்ணீர் வராத நாளில் குளிக்கவும் இல்லை. இன்று காலையில் ஹமீது பீவியைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனேன். முட்டளவுக்கு மேல் இறங்காதே என்று அவள் கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். நான் மூன்று முங்கு போட்டேன். தண்ணீர் நல்ல குளிர்ச்சி.

நீ வரும்போது மாற்றுத்துணி கூட எடுத்து வா.

அம்மா