ஜீப்பை விற்கப் போவதில்லை

விழிதியூர்
25-1-1984

அன்பு மகன் இளையபெருமாளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வெயிலில் ரொம்ப அலையாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பொங்கலுக்கு முதல் நாள் உன் கடிதம் வந்தது. ஜீப்பை விற்றுவிடுங்கள், இந்த வயதில் அம்மா அதை ஓட்டிக் கையைக் காலை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம்தான் வந்தது, நல்ல நாளில் வேண்டாமென்று அடக்கிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், விற்க மாட்டேன்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது உனக்குத் தெரியும். நம் டிராக்டர் ஓட்டும் கருப்பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு களத்தில் ஓட்டிப் பழகி லைசென்சும் வாங்கிவிட்டேன். ஆனால் அப்பா நான் ஓட்டும் வண்டியில் ஏறவில்லை, கண் டாக்டரைப் பார்க்கக் காரைக்காலுக்கு பஸ்ஸிலேயே போய் வந்தார். கார்த்திகையில் ஆபரேஷனுக்குக் குறித்த நாள் அன்று பார்த்து மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டில் தண்ணீர், பஸ் வரவில்லை. இந்த நாளை விட்டால் கண் இன்னும் கெட்டுப்போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தார், முகத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கருப்பையனைக் கம்போடு முன்னால் இறங்கி நடக்கச் சொன்னேன், முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். விசிறி தண்ணீரை வாரி இன்ஜின்மேல் அடிக்குமென்று பெல்ட்டைக் கழற்றினேன், பிளக்குகளுக்குக் கரண்ட் பிரியும் டப்பாவை ரப்பர் ஷீட்டால் சுற்றிக் கட்டினேன். நாலு சக்கரமும் இழுக்கும்படி லிவரைப் போட்டு முதல் கியரில் இறங்கினேன். நடுவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததும் நிறுத்து என்று அப்பா கத்தினார். நின்றால் புகைக்குழாயில் தண்ணீர் ஏறிவிடும், அதனால் நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. பயம் இல்லாமல் இல்லை. கரையேறி பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால் பிரேக் பிடிக்கவே இல்லை, ஒரு புளியமரத்தின் மேல் போய் முட்டப் பார்த்தேன். அது எனக்குத் தெரியாத பாடம். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே மெதுவாகப் போ நீலா, நனைந்தது காய்ந்துவிடும் என்றார் அப்பா. அப்படியே செய்தேன், பிடித்தது. அன்றே ஆபரேஷனும் ஆனது.

நீயும் அங்கே கம்பெனி ஜீப்பில் மணலில் ஓடுகிறாய், அதனால் சொல்கிறேன். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலில் இறங்குவது சரி, தார் ரோடு ஏறியதும் மறக்காமல் நிரப்பு. ஏர் கிளீனரை அடிக்கடி திறந்து பார், இங்கே வைக்கோல் தூசிக்கே அடைத்துக்கொள்கிறது. கடலோரம் போய் வந்தால் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவு. திருவேட்டக்குடிக்குப் போய் வந்து சோம்பேறித்தனமாக விட்டதில் நம் வண்டியின் சைலென்சர் துருப்பிடித்துப்போனது.

போன வாரம் அப்பாவுக்குக் கண்ணாடி வந்தது. பழையபடி வண்டி ஓட்டலாமா என்று அவர்தான் டாக்டரைக் கேட்டார், பழகிக்கொண்டு ஓட்டலாம் என்றார் டாக்டர். எனக்குச் சுருக்கென்றது, ஏன் மறைக்க வேண்டும். வெளியே வந்ததும் சாவியை அப்பாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. சுற்றிப்போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு, பூவம் வரைக்கும் போயிட்டு வருவோமா, ரொம்ப நாளாச்சு என்றார். போய் வந்தோம். ஆகவே விற்கிற பேச்சை இனி எழுதாதே.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். லீவில் வரும்போது எனக்குச் சேலை எதுவும் வாங்காதே, வண்டிக்கு நல்லதாக ஒரு ஜாக்கி வாங்கி வா.

உன் அம்மா
அ. நீலாயதாட்சி