அன்று எரியாத சிவப்பு பல்பு

பொடியா, என் தங்கத் தம்பியே,

ஆறடி வளர்ந்து மீசையில் நரை விழுந்த பிறகும் உன்னை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் மாற்றிக் கூப்பிட வாய் வரவில்லை.

வருகிற ஆயுதபூஜையோடு நீ போய் ஒரு வருஷம். மேல்வீட்டுக் கலா, "பேப்பர்ல போட்டோ போட்டு நாலு வரி கவிதை போடலாம்க்கா, நானே எழுதித் தரேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கவிதை எதற்கு? எனக்குத் தெரிந்த எழுத்தில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இதில் சொல்லப்போகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் பெட்டி ஓடுகிறது. தரமணியில் நீ வேலை பார்த்த கம்பெனி வேண்டாம் என்று கழித்த சின்னக் கம்ப்யூட்டர், டிபன் பாக்ஸ் அளவு கூட இருக்காது, அதுதான் இன்றைக்கும் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிறது. ஆறு மணிக்கு வாசல் விளக்கைப் போடுகிறது. உன் கட்டிலுக்கு மேலே இருக்கும் ஃபேனையும் மத்தியானம் ஓடவிடுகிறது. யாருக்காக ஓடுகிறது என்று நான் அதைக் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதற்கு மணி திருத்துகிறேன். எந்தப் பட்டனை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று பாபு ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறான். சிந்தாதிரிப்பேட்டையில் பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் உன் சிநேகிதன் பாபுதான், வேறு யார். "இன்டர்நெட் இல்லாத பொட்டிக்கா, அதுக்கு மணி இன்னான்னு நாமதான் சொல்லணும்" என்றான்.

பைக்கில் விழுந்து உனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன வருஷம் இதைச் செய்தாய். படுத்த படுக்கையாய், ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு. நான் முன்னறையில் தி.நகர் கடைகளுக்கு பிளவுஸ் தைக்கிறவள். காது மந்தம், போதாததற்கு மிஷின் சத்தம். நீ தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்குக் கேட்காது. அதனால் உன் தலைமாட்டில் ஒரு ஸ்விட்ச் வைத்தாய். நீ அதை அழுத்தினால் தையல் மிஷின் பக்கத்தில் ஒன்றும் சமையலறையில் ஒன்றுமாய் இரண்டு சிவப்பு பல்புகள் விட்டுவிட்டு எரியும். எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான்.

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டேன், நீ எத்தனை நிமிஷம் கழிச்சு ஆடி அசைஞ்சு வந்தே, எல்லாத்தையும் இது எழுதி வெச்சுக்குதுக்கா. ஒரு நாள் கோர்ட்ல காட்டுவேன்" என்பாய்.

"காட்டுடா. காபி போட்டுக் கொடுத்ததை எழுதுதா உன் பொட்டி?"

"அதுக்குத் தனியா சென்சார் வாங்கணும்."

பெருமழை பெய்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? மேல்வீட்டு சார், கலாவின் வீட்டுக்காரர், எல்லாவற்றையும் போனில்தான் போடுவார், போனில்தான் அணைப்பார். நெட் போய்விட்டது. பனியனோடு கீழே வந்து, "உங்க தம்பிகிட்ட கொஞ்சம் கேளுங்கம்மா, பெட்ரூம் லைட்டு அணைய மாட்டேங்குது" என்றார். நீ உள்ளேயிருந்து, "சார், சுவத்துல ஸ்விட்ச்சுன்னு ஒரு பழைய சாமான் இருக்கும் பாருங்க" என்று கத்தினாய். அவரே சிரித்துவிட்டார். அன்றைக்கு நம் வீட்டில் ஒரு பல்பு கூடத் தப்பாக எரியவில்லை. "வெளியில இருக்கிறவனை நம்பி வீட்டை ஓட்டக் கூடாதுக்கா" என்றாய்.

கரண்ட் போனால் பேட்டரி. பெட்டி கெட்டால் அதே மாதிரி இன்னொரு பெட்டி பீரோவில் தயாராய். ஒரு பல்பு ஃப்யூஸ் ஆனால் இன்னொரு பல்பு. எது எது கெடும் என்று ஒவ்வொன்றாக யோசித்து வைத்தாய். அக்கா கெடுப்பாள் என்று மட்டும் உனக்குத் தோன்றவில்லையே.

சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஆயுதபூஜை. தையல் மிஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து மூடிவிட்டேன். கத்தரிக்கோல், டேப், அரிவாள்மணை எல்லாம் சாமி முன்னால் வைத்தாகிவிட்டது. பிறகு உன் பெட்டியைத் தேடி வந்தேன்.

"அணைடா. இன்னிக்கு அதுக்கும் ஓய்வு. நாளைக்குக் காலைல போட்டுக்கலாம்."

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு ஆயுதபூஜைன்னு லீவு விடுறாங்களா? இது அணையவே கூடாத பொட்டி."

"என் மிஷினே படுத்துக் கிடக்குது. உன் பொட்டிக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு? ஓடுற சாமானுக்குப் பொட்டு வைக்கக் கூடாதுடா."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். நல்ல நாளில் அக்காவிடம் எதற்கு வம்பு என்று நினைத்திருப்பாய். கீபோர்டை மடியில் வைத்து நீயே அணைத்தாய். "சரி. கூப்பிடணும்னா கத்துறேன். காதைத் தீட்டி வெச்சுக்கோ" என்றாய். நான் அதைத் தூக்கிப்போய் கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மேலே ஒரு முழம் சாமந்தி போட்டேன்.

அதற்குப் பிறகு சமையலறை. சுண்டல் தாளித்தேன். வடைக்கு மிக்சியில் அரைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றேன். பல்பு இருக்கும் பக்கம் இரண்டு மூன்று தடவை பார்த்தேன், பழக்கதோஷம். எரியவில்லை. எரியாததால் நிம்மதியாக வேலை பார்த்தேன். பெட்டியை அணைக்கச் சொன்னதே நான்தான், அது கூட அந்த நேரம் புத்தியில் இல்லை.

கற்பூரம் ஏற்றலாம், உன்னைத் தூக்கி உட்காரவைக்கலாம் என்று வந்தபோது நீ இல்லை. உன் வலது கை ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில்தான். மேலே இல்லை. அது தினமும் இருக்கிற இடம்தான் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

டாக்டர் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்றார். கொஞ்ச நேரத்திலேயே முடிந்திருக்கும் என்றார். "கொஞ்ச நேரம்னா எவ்ளோ சார்?" என்று கேட்டேன். அவர் என் காதைப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாக, "கஷ்டப்படலைம்மா" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலா?

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், பூஜை நாளில் போனான், புண்ணியவான் என்றார்கள். அந்தப் பெட்டி சாமந்தியோடு சாமி முன்னால் கிடந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பாபுதான் அதைத் திரும்ப ஓடவிட்டான். போன மாதம் அவனை மறுபடி கூப்பிட்டேன். அன்றைக்கு அது என்ன எழுதி வைத்திருக்கிறது, படித்துச் சொல் என்றேன்.

"காலைல ஏழு பத்துக்கு ஒரு வாட்டி அழுத்திக்கீறான்."

"அது காபிக்கு. அப்புறம்?"

"பதினொண்ணு இருவதுக்கு பொட்டிய ஆஃப் பண்ணிக்கீறான். அதுக்கப்பால ஒண்ணும் கிடையாதுக்கா. நான் வந்து போட்டேனே, அதான் அடுத்த வரி."

"நடுவுல?"

"ஆஃப்ல கீற பொட்டி எப்டிக்கா எழுதும்? இன்னா தேடுற நீ, சொன்னாதான தெரியும்?"

ஒன்றுமில்லை என்று காபி போட எழுந்து போய்விட்டேன். பாபு, நீ இதைப் படித்தால், நான் தேடியது அந்த நடுவில் ஒரே ஒரு வரியைத்தான்.

பொடியா, கட்டிலை மடித்து வைத்துவிடலாம், பெட்டியையும் நிறுத்திவிடலாம் என்று கலா நல்ல மனதோடுதான் சொல்கிறாள். என்னால் முடியாது. உன் ஸ்விட்ச் அப்படியே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை அதை அழுத்திவிட்டுச் சமையலறைக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். பல்பு எரிகிறது. நன்றாகத்தான் எரிகிறது.

இந்த ஆயுதபூஜைக்குத் தையல் மிஷின் படுத்திருக்கும், கத்தரிக்கோல் படுத்திருக்கும். உன் பெட்டியை அணைக்க மாட்டேன். ஓடும்போதே பொட்டு வைக்கிறேன். சாமி கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும். நான் இருக்கிற வரைக்கும் ஒரு நாளும் அதற்கு லீவு கிடையாது, சத்தியம்.

நீ ஒன்றே ஒன்று சொல்லுடா. அன்றைக்கு நீ அழுத்தினாயா?

இப்படிக்கு,
பல்பைப் பார்த்துக்கொண்டே நிற்கும்
உன் அக்கா