கம்ப்யூட்டரை யாரும் திருடவில்லை

இவளே,

மேசை காலியாகக் கிடக்கிறதே என்று அலறாதே. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடுகிறவன் நான்தான்.

நீ தொடாதே என்று சொல்லியும், நேற்று நீ நூல் வாங்கப் போன நேரத்தில் அதில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினேன். இலவசம், வைரஸ் கிடையாது, ராக்கெட் தோற்கும் வேகம்! ஆனால் உன் எம்பிராய்டரி மெஷினை மட்டும் அதற்கு அடையாளமே தெரியவில்லை. இணையத்தில் கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் ஐந்நூறு மேதாவிகள் கூடிவிட்டார்கள். ஒருவர் பன்னிரண்டு வரி மந்திரம் தட்டச் சொன்னார். இன்னொருவர், "மெஷினை மாத்திடுங்க சார்" என்றார். "பொண்டாட்டிக்கு யாருப்பா பதில் சொல்றது?" என்று கேட்டேன். ஐந்நூறு பேரும் அடுத்த ஆளின் கேள்விக்குத் தாவிவிட்டார்கள்.

ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட டீச்சர் நீ தைக்கும் சீருடை பேட்ஜின் மாதிரியைப் பார்க்க வருவார். டீ கொடு, பேச்சுக் கொடு, எப்படியாவது நான் திரும்பும்வரை, ஆறு மணி வரை உட்காரவை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

ஓரத்தில் இடம் இருப்பதால் உண்மையையும் எழுதிவிடுகிறேன். உன் டிசைன்களைப் பென்டிரைவில் பத்திரமாக வைத்துவிட்டதாகப் போன வாரம் சத்தியம் செய்தேனே, நான் நகலெடுத்தது திரையில் இருந்த ஐகான் படத்தை மட்டும்தானாம், உள்ளே இருந்த டிசைன்களை அல்ல. லினக்ஸ் ஏற்றியபோது கம்ப்யூட்டரில் இருந்த அசலும் அழிந்துவிட்டது. உன் பதினோரு வருட உழைப்பு. கடைக்காரர் போனில், "தோண்டிப் பாக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்கிறார். திட்டுவதற்காகவாவது கூப்பிடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.