நாலாவது அறை

நாக்குச் சத்தத்துக்கெல்லாம் ஏமாந்த என் செல்ல அக்காவுக்கு,

நாளைக்கு உனக்குப் பதினாறாம் நாள். படையலில் வைக்கக் காப்பி வேண்டும். கருகின காப்பியை நீ தொடமாட்டாய். அதனால் நேற்று நம் சூலியா தெருக் கடையின் பின்கட்டில் காப்பிக்கொட்டை வறுக்கும் மெஷினை நானே போட்டேன்.

மேல் அறையில் கொட்டை காயும், நடு அறையில் வறுபடும், கீழ் அறையில் ஆறும். நடு அறையில் கொட்டை ‘டக்’கென்று வெடிக்கும் முதல் வெடி கேட்டதிலிருந்து ஒன்றரை நிமிடம், பிறகு கீழே தள்ளிவிட வேண்டும். தாமதித்தால் மேலே காய்ந்ததும் இறங்க வழியில்லாமல் கெட்டுப்போகும். இதையெல்லாம் உனக்கே சொல்கிறேன், பார்த்தாயா?

அந்த வெடியைத்தான் நான் நாக்கால் போடுவேன், ‘டக்’ என்று. நீ அவசரமாக ஸ்டாப்வாட்சை அமுக்குவாய். கொட்டை பச்சை வாடையோடு இறங்கும்.

“மெஷினுக்கு மூணு அறை. உனக்கு நாலாவது அறை வேணுமாடி?”

கையை ஓங்குவாய். ஒரு தடவைகூட அது விழுந்ததில்லை.

நேற்று வெடி கேட்டது. நன்றாகவே கேட்டது. நீ அமுக்குவாய் என்று நின்றுகொண்டிருந்தேன். புகை வந்த பிறகுதான், நீ கெலுகோர் ரோட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததும் திரும்பி வராததும் நினைவுக்கு வந்தது.

நடு அறையும் போச்சு, மேல் அறையும் போச்சு. அப்பா திட்டவில்லை. “விடும்மா, வேற கடையில வாங்கிக்கலாம்லா,” என்றார். காப்பிக் கடைக்காரர் வேறு கடையில் காப்பி வாங்குவதாம். சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. அழுகையும்தான் இன்னும் வரவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போகிறார்கள். அது மரத்துக் கிடக்கிறது. ஒருவராவது அறையக் கூடாதா?

இன்று காலை மறுபடி போட்டேன். பழக்கதோஷம், நாக்கு தானாக ‘டக்’ என்றது. ஏமாற ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் நிஜ வெடி வந்தது. நானே அமுக்கினேன். ஒன்றரை நிமிடம். தள்ளினேன். கீழ் அறையில் கொட்டை சரசரவென்று விழுந்தது.

அப்பா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். “அவ போட்ட மாதிரியே இருக்கு.”

மேல் அறைக் கொட்டை நடு அறைக்கு இறங்கிவிட்டது. அடுத்த வெடிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு உன் டம்ளரில் கருகல் இருக்காது, அக்கா. இனி வெடி கேட்டால் உனக்காகக் காத்து நிற்கமாட்டேன். நின்றேன் என்றால், ஓங்கின அந்தக் கையை என் கன்னத்தில் இறக்கிவிடு.

நாலாவது அறைக்குச் சொந்தக்காரி,
உன் தங்கச்சி