சமரச அறைக்குள் வந்த உன் போன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருந்தால் அதுவே போதும்.

போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பாய்வாய், அதனால்தான் கடிதம். உன் அண்ணனும் அண்ணியும் பிரிவதென்று ஆனபின், பாப்பா யாரிடம் வளர்வது என்பதைப் பேசித் தீர்க்கச் சொல்லி நீதிமன்றமே சமரசத்துக்கு அனுப்பியது உனக்குத் தெரியும். போன மாதம் போனோம். சின்ன அறை, வட்ட மேஜை, கடகடவென்று மின்விசிறி, நடுவே சமரசம் பேசும் வக்கீலம்மா. என்னையும் ஓரமாக உட்காரவைத்தார்கள். பள்ளி நாளில் அம்மாவிடம், விடுமுறையில் அப்பாவிடம் என்று பேச்சு கூடி வந்து, உன் அண்ணன் தலையைக்கூட ஆட்டிவிட்டான். அந்த நேரம் பார்த்து உன் போன். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவன் முறுக்கிக்கொண்டு, "குழந்தை முழுசா எங்கிட்டதான் இருக்கணும், இல்லன்னா கேஸ் நடக்கட்டும்" என்றான். அண்ணியின் முகம் சுண்டிப்போனது, அவள் பங்குக்குத் தன் தாய்மாமாவைக் கூப்பிட்டாள். அவர் சும்மா இருப்பாரா, பிள்ளையைக் கண்ணிலேயே காட்டாதே என்று ஏற்றிவிட்டார். வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டு, "பிரியறது ரெண்டு பேரு, சண்டை போடறது ஊரே போடுதே" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஏம்மா, கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கு இந்த வேலை? அண்ணன் மேல் பாசம் இருக்கட்டும், யார் வேண்டாமென்றது? அவன் வேலையிலிருந்து திரும்ப இருட்டிவிடுகிறது, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறப்பது யார், முழங்காலோடு மல்லுக்கு நிற்கும் உன் அம்மாவா? இந்த ஒரு மாதமாகப் பாப்பா இரண்டு வீட்டிலும் துணிப்பையைப் பிரிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "திரும்பக் கட்டணுமே தாத்தா" என்கிறாள். எட்டு வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது?

நேற்று மறுபடி உட்கார்ந்தார்கள். உள்ளே போகுமுன் இருவர் போனையும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நான் வெளியே பெஞ்சில் இருந்துவிட்டேன். நீ விடாமல் அடித்தாய், எடுக்காதது நான்தான், அண்ணனைக் கோபிக்காதே. அண்ணியின் தாய்மாமாவும் அடித்தார், அதையும் எடுக்கவில்லை. முதலில் பேசியபடியே கையெழுத்தாகிவிட்டது. படியிறங்கும்போது அண்ணி என் பக்கம் திரும்பி நின்று, "மாமா, நீங்களும் அத்தையும் பாப்பாவைப் பாக்க எப்ப வேணா வாங்க, என்னைக் கேக்கவே வேண்டாம்" என்றாள். அப்படிச் சொல்லும்படி யாரும் அவளைக் கேட்கவில்லை.

நோய்நொடியில்லாமல் இருங்கள், குளிரில் காதை மூடிக்கொள். ஒன்று மறக்காதே, இந்த வாரம் அண்ணியைக் கூப்பிட்டுப் பாப்பா சாப்பிட்டாளா என்று கேள். அதை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடு.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அப்பா