வெட்டி எறிந்த இருமல்

உன் தம்பியின் பாட்டில் நான் கைவைத்திருக்கக் கூடாது. அவன் போனில் பாடி அனுப்பியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இரைச்சலைத் துடைத்தேன், இருமலை வெட்டினேன். நடுவில் "அக்கா, கேக்குதா?" என்று அவன் கேட்டதையும் பாட்டுக்கு இடைஞ்சல் என்று தூக்கிவிட்டேன். மேதாவிக்குக் கத்தரிக்கோல் கிடைத்தால் வேறென்ன நடக்கும்?

நேற்று அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டதும் நீ எழுந்து போய்த் துணி மடித்தாய். அவன் செத்துப்போன நாளிலிருந்து நீ அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டினாலாவது எனக்குச் சோறு இறங்கும்.

பயப்படாதே, பழைய பதிவு அப்படியே இருக்கிறது. காலையில் நீ குளிக்கும்போது மெதுவாக வைத்துக் கேட்டேன். மகா மட்டமான பதிவு. ஆனால் அவன் மூச்சு வாங்குவது பக்கத்து நாற்காலியிலிருந்து வருகிற மாதிரி கேட்கிறது. சொத்தை அழித்து வாங்கிய ஸ்பீக்கர் இதுவரை செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

சாதம் குக்கரில் இருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் வந்தால் மாடிச் சாவி ஷூ அலமாரிமேல்.

பி.கு: சாயங்காலம் பழசைப் போடட்டுமா, வேண்டாமா? "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லாதே, தாயே.

(அடியில், அவள் கையெழுத்தில்)

போடுங்க. நான் அழுதா சத்தத்தைக் குறைக்காதீங்க.